பாடாமலே போய்விட்ட கேரல்

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஊரில் இருந்தேன். மெஞ்ஞானபுரம் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ராத்திரி பதினொரு மணி இருக்கும். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் வரும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து கருப்பட்டிக் காப்பி போட ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வருஷம் தவறாமல் செய்வது அது.

வாசலில் வேன் வந்து நின்றது. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடியது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் இறங்கி, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு, கையில் சாக்லேட்டைத் திணித்துவிட்டு ஏறிக்கொண்டான். முட்டி வலியோடு அம்மா தூக்குவாளியை எடுத்து நடைக்கு வருவதற்குள் வேன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

"பாடாமலே போய்ட்டாவளே" என்றாள்.

வருஷம் ஒன்று ஆகப்போகிறது, அந்த வார்த்தை இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

எண்பதுகளில் நாங்கள் சின்னப் பிள்ளைகள். அரைப் பரீட்சை முடிந்த அன்றே மூங்கில் சிம்பும் வர்ணத்தாளும் மைதாப் பசையுமாக ஸ்டார் கட்ட உட்கார்ந்துவிடுவோம். மரம் என்றால் ஒரு சவுக்குக் கிளை. அதன்மேல் பனி என்று பஞ்சைப் பிய்த்துப் போடுவோம். பனியை எங்கள் ஊரில் யார் பார்த்தார்கள்! ஆனால் குடிலுக்கு மட்டும் தேரியிலிருந்து சிவப்பு மணல் அள்ளிவந்து பரப்புவோம். அதனால் பெத்லகேம் என்றாலே இன்றைக்கும் எனக்குச் செம்மண் நிறம்தான்.

சென்னையில் கடை வைத்திருந்த சித்தப்பா நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போது பையில் காமிக்ஸ் இருக்கும். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸும், 1984-லிருந்து லயன் காமிக்ஸும் பக்கத்துச் சிவகாசியில்தான் அச்சாயின. அவை எங்களுக்குச் சென்னை சுற்றி வந்து சேர்ந்தன. முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே ஒரே புத்தகத்தை நாலு பேர் தலைமுட்டப் படிப்போம்.

அப்புறம் ரவுண்ட்ஸ். சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் முன்னால் நடப்பார், பக்கத்தில் ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ். ஆர்மோனியத்தைத் துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார் ஒரு அண்ணன். ராத்திரித் தேரி மணல் காலுக்கு ஜில்லென்று இருக்கும். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு உள்ளே; தெருவுக்கு நம்ம ராகத்தில் பாடும் கீர்த்தனைதான். அதில் பல வேதநாயக சாஸ்திரியார் எழுதியவை. அவர் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்த கவிராயர். எழுத்தே தெரியாத என் ஆச்சி அத்தனை சரணத்தையும் மனப்பாடமாகப் பாடுவாள். கடைசிக் காலத்தில் எழுந்து வர முடியாதபோது கட்டிலில் இருந்தபடியே பாடினாள். வெளியே நின்ற நாங்கள் அவளுக்காகச் சுருதியைக் குறைத்தோம். வேனால் அதைச் செய்ய முடியாது.

ஊர் பெரிதாகிவிட்டது, பையன்கள் லீவு போட்டு வருகிறார்கள், ஒரே ராத்திரியில் முடிக்கவேண்டும் என்கிறார்கள். அந்தச் சிரமம் எனக்கும் தெரியும். மூன்று ராத்திரியாகப் பிரித்துக்கொள்ளலாமே. எல்லாத் தெருவுக்கும் போக முடியாவிட்டால் வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்காவது நடந்து போகலாம். கிதார் வரட்டும், புதுப் பாட்டு வரட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாயைத் திறந்து நாம் பாடவேண்டும், அவ்வளவுதான். பாதி வீடுகளில் பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அந்த ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் நிற்கிற நாலு முகம்தான் அந்த வீட்டின் கிறிஸ்துமஸ். சாக்லேட் அவர்களுக்கு எதற்கு? பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி.

ஊர்த் தம்பிமாரே, இந்த வருஷம் 21-ஆம் தேதியே வந்துவிடுவேன். கோயில் பரணில் கிடக்கும் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்திருக்கிறது. முன்னாலேயே எடுத்துக் கொடுத்தால் பாளையங்கோட்டையில் சரிபார்த்துக் கொண்டுவருகிறேன். டோலக் யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மேலத்தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியம்மா வீட்டில் ஆரம்பிப்போம். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தால் போதும், எத்தனை மணியானாலும் அம்மா காப்பி வைத்திருப்பாள்.