ஆஸ்திரேலியா 1.8 மீட்டர் நகர்ந்ததால் வேலி மாறுமா?

"ஆஸ்திரேலியா திடீரென 1.8 மீட்டர் நகர்ந்துவிட்டது, வீட்டு மனை எல்லைகள் எல்லாம் மாறப்போகின்றன" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

திடீரென எதுவும் நடக்கவில்லை. அந்தக் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. நிலத்தில் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆஸ்திரேலியாவின் பழைய ஆயத்தொலை முறையான ஜிடிஏ94, 1994 ஜனவரி 1இல் நிலம் இருந்த இடத்தோடு பூட்டப்பட்டது. புதிய ஜிடிஏ2020, 2020 ஜனவரி 1க்கு உரியது. 26 ஆண்டு × 7 செ.மீ. = சுமார் 1.8 மீட்டர். மாறியது இடத்தைக் குறிக்கும் எண்கள்தான். எல்லைக்கல், வேலி, பக்கத்து வீடு எல்லாம் தட்டோடு சேர்ந்தே நகர்வதால் மனையின் நீள அகலம் அப்படியே இருக்கிறது.

உண்மையான சிக்கல் கணினியில் வருகிறது. பல மென்பொருள்கள் ஜிடிஏ94, ஜிடிஏ2020 இரண்டையுமே ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகளாவிய முறையான டபிள்யூஜிஎஸ்84க்குச் சமம் என்று எடுத்துக்கொள்கின்றன. அப்போது ஒரே குழாய், வரைபடத்தில் 1.8 மீட்டர் தள்ளி இரண்டு கோடுகளாகத் தெரியும். தோண்டுகிறவர்களுக்கு இது ஆபத்து. வரைபடத்தின் ஒவ்வொரு தரவு அடுக்கிலும், அது எந்த ஆயத்தொலை முறை என்று காட்டும் இபிஎஸ்ஜி எண்ணைப் பாருங்கள்: 4283 என்றால் பழையது, 7844 என்றால் புதியது. நேரடியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கள்; நடுவில் டபிள்யூஜிஎஸ்84 வேண்டாம்.

ஆஸ்திரேலிய அரசின் நில அறிவியல் அமைப்பான ஜியோசயன்ஸ் ஆஸ்திரேலியாவின் தளத்தில் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.