ஃபோல்டரை மொத்தமாக அழிக்காதீர்கள்

"அப்டேட்டுக்குப் பிறகு சிம்ஸ் 4 கம்ப்யூட்டர் கேம் திறக்கவில்லையென்றால் டாக்குமென்ட்ஸில் இருக்கும் சிம்ஸ் 4 ஃபோல்டரையே அழித்துவிடுங்கள், கேம் புதிதாக உருவாக்கிக்கொள்ளும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஃபோல்டர் திரும்ப வரும், கேமில் நீங்கள் உருவாக்கிய குடும்பங்கள் வராது. சேவ் செய்தவை 'சேவ்ஸ்' ஃபோல்டரிலும், லைப்ரரியில் வைத்த வீடுகள் 'ட்ரே'யிலும் அதே ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. வேலூர் சத்துவாச்சாரியில் என் அத்தை மகள் இப்படித்தான் அழித்தாள். திண்ணை, முற்றம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு போயே போச்சு.

'மாட்ஸ்' ஃபோல்டரை, அதாவது மற்றவர்கள் செய்து நாம் கேமில் சேர்க்கும் மாட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை, மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். லோக்கல்தம்ப்கேஷ் என்ற தற்காலிகக் கோப்பை அழிக்கலாம், அது தானாக மறுபடி வரும். இப்போது கேம் திறந்தால் கோளாறு பெரும்பாலும் மாட்ஸில்தான். முதலில் ஸ்கிரிப்ட் மாட்களை, அதாவது கேம் இயங்கும் விதத்தையே நிரல் மூலம் மாற்றுபவற்றை, சந்தேகப்படுங்கள். அப்டேட்டில் அடிக்கடி உடைவது அவைதான். அப்புறம் மீதியில் பாதியைப் போட்டுப் பாருங்கள். பிரச்சினை வந்தால் அந்தப் பாதியை, வராவிட்டால் மற்றப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 800 கோப்பு இருந்தாலும், கெட்டது ஒன்றுதான் என்றால், பத்து முறைக்குள் சிக்கிவிடும். சோதனையைப் புது சேவில் செய்யுங்கள். மாட் இல்லாமல் பழைய குடும்பத்தைத் திறந்து சேவ் செய்தால் மாட்டிலிருந்து வந்த முடி, உடை எல்லாம் மாறிவிடும்.

இன்னொன்று: அப்டேட் ஆனதும் கேமே மாட்களை அணைத்து வைக்கும். செட்டிங்ஸில் திரும்ப டிக் செய்யாமல் "எல்லாம் காணோம்" என்று பதற வேண்டாம். ஸ்கிரிப்ட் கோப்பை ஒரு உள் ஃபோல்டருக்கு மேல் ஆழமாக வைத்தாலும் கேம் படிக்காது.

வேலூர் வெயிலில் மத்தியானம் லேப்டாப் திணறினால், அதற்கு மட்டும் மாட் பொறுப்பல்ல.