கல்யாணப் பந்தியும் ‘சுகர் கவுன்ட்டரும்’

இப்போதெல்லாம் மண்டபங்களில் ‘சுகர் பேஷன்ட் கவுன்ட்டர்’ என்று ஒரு அட்டை தொங்குகிறது. இரண்டு சப்பாத்தி, குருமா, கருப்பட்டிப் பாயசம். கேட்டரிங்காரருக்குத் தனி ரேட், கல்யாண வீட்டாருக்குக் கடமை முடிந்த திருப்தி. எனக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

சப்பாத்தியும் மாவுச்சத்துதான், சோறும் மாவுச்சத்துதான். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே கணக்கு. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் கருப்பட்டியும் லேசுப்பட்டதில்லை. இலையிலேயே கூட்டும் பொரியலும் இருக்கின்றன. அவற்றைக் கூடுதலாக வைத்து, சோற்றைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பொரியலைத் தொட்டு வைத்துவிட்டு ஓடுகிறவர், நாம் கையை நீட்டி மறித்தாலும் சோற்றைக் கொட்டாமல் நகர்வதில்லை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். இத்தனை பேரையும் எந்த ஓரத்தில் உட்கார வைப்பது?

சாப்பாட்டைவிடக் காத்திருப்பதுதான் இவர்களுக்கு ஆபத்து. முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாடு என்று நம்பி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள், சிலர் இன்சுலினும் போட்டுவிடுகிறார்கள். முதல் பந்தி நிரம்பிவிடும். அப்புறம் யாருடைய நாற்காலிக்குப் பின்னாலாவது நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். என் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் அப்படி நிற்கும்போது, மருந்து போட்டும் சாப்பிடாததால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஓடிப் போய் எடுத்து வந்த ஒரு டம்ளர் பாயசம்தான் காப்பாற்றியது. சர்க்கரைக்காரனுக்குப் பாயசம் மருந்தான கதை என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். வயதானவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்க ஒரு ஆளைப் போட்டால் போதும், தனி ரேட்டே வேண்டாம்.

மற்றவர்கள் பாடு இன்னும் மோசம். கோதுமை ஆகாத சீலியாக் நோயாளி, சோறும் சாம்பாரும்தானே என்று தைரியமாக உட்காருவார். நாம் கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமையிலிருந்து வரும் மைதா கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது இறங்கியிருக்கும். நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கோ ‘எல்லாமே மரச்செக்குக் கடலெண்ணெய்’ என்ற பெருமையே வினை. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் பெரும்பாலும் நீங்கிவிடும் கடலைப் புரதம் செக்கெண்ணெயில் தங்கியிருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் இளநீரை நீட்டி ‘உடம்புக்கு நல்லதுங்க’ என்கிறோம்; அதிலுள்ள பொட்டாசியம் அவருக்கு ஆகாது. பரிமாறுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் ஒண்ணும் இருக்காது சார், சாப்பிடுங்க.”

நம் சமையல்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதா என்ன? திவசச் சமையல் என்றால் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். வெங்காயச் சாம்பாரில் முக்கிய கரண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. சமண விருந்தினர் வந்தால் உருளைக்கிழங்குகூட உள்ளே வராது. ஒவ்வாமைக்கும் இதே ஒழுங்குதான் வேண்டும். நம்பிக்கை என்றால் பயப்படுகிறோம், நோய் என்றால் ‘கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்கிறோம்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருட்களைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளிலேயே இருக்கிறது. கல்யாணச் சமையல்காரர் பெரும்பாலும் அதில் சிக்கமாட்டார். ஆனால் மளிகை லிஸ்ட் போட்டுக் கொடுப்பவரே அவர்தானே? எதில் கோதுமை, எதில் கடலை, எதில் முந்திரி அரைத்து ஊற்றியது, எதில் பால் என்று ஒரு அட்டையில் எழுதி பந்தி வாசலில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மாஸ்டரிடம் இதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “எழுதிடலாம் சார். பெருங்காயம் மட்டும் மைதா இல்லாததா பாத்து நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க” என்றார்.