ஸ்கேன் நார்மல் என்றால் கருக்குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை

“அல்ட்ராசவுண்ட் நார்மலாக வந்துவிட்டால் கருக்குழாயில் (சினைப்பையிலிருந்து கருப்பைக்கு முட்டை வரும் குழாய்) அடைப்பு இல்லை, வேறு டெஸ்ட் வேண்டாம்” என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. சாதாரண ஸ்கேனில் கருப்பை, சினைப்பை, வளரும் முட்டை எல்லாம் தெரியும். கருக்குழாய் ரொம்ப மெல்லியது, பெரும்பாலும் அகப்படாது. நீர் கோத்து வீங்கியிருந்தால் பிடிபடலாம், அதுவும் எப்போதும் அல்ல. வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க எதையாவது உள்ளே செலுத்தித்தான் ஆக வேண்டும். எச்.எஸ்.ஜி. என்ற பரிசோதனையில் கருப்பை வாய் வழியாகச் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து குழாய் முனையைத் தாண்டி வயிற்றுக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது. (மருந்து செலுத்திச் செய்யும் தனி ஸ்கேனும் உண்டு, வழக்கமான ஸ்கேன் அது அல்ல.)

நம்பிக்கை வரவில்லையா, உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். கருப்பை அளவு, உட்சவ்வின் தடிமன், சினைப்பை பற்றியெல்லாம் இருக்கும். குழாய் பற்றி அனேகமாக ஒரு வரிகூட இருக்காது. எச்.எஸ்.ஜி. ரிப்போர்ட்டிலோ மருந்து சிந்தியதா என்று இடது, வலது இரண்டுக்கும் எழுதியிருப்பார்கள். அப்புறமும் சந்தேகமென்றால், “இந்த ஸ்கேனை வைத்துக் குழாய் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா?” என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.