முதலில் வல்லநாடு பாலத்தைப் பாருங்கள்

நெல்லையிலிருந்து வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்குத் தனிச்சாலை வேண்டும் என்கிறது கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. நெல்லை–தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலை (பழைய எண் 7ஏ, இப்போது 138) என்ற நான்குவழிச் சாலையே விமான நிலைய வாசல் பக்கம்தான் போகிறது. சிக்கல் அந்தச் சாலையில் வல்லநாட்டில், போக ஒன்று வர ஒன்று என இரண்டாக உள்ள தாமிரபரணிப் பாலத்தில். 2017-லேயே மேல்தளம் ஓட்டை விழுந்தது. துறைமுகச் சரக்கு லாரிகள் ஓயாமல் ஏறும் தளம் அது. ஓட்டையை மட்டும் பூசினால் பக்கத்துக் கான்கிரீட் பெயர்ந்துவிடும். நல்ல கான்கிரீட் வரும்வரை உடைத்து, கம்பியில் துருவை நீக்கி, இற்றதை மாற்றி, பிறகே புதுக் கான்கிரீட் போட வேண்டும். சாதாரணக் கலவை முழு வலு பெற 28 நாள். அதுவரை இருபக்க வண்டிகளும் மற்ற ஒரே பாலத்தில்தான் போக வேண்டும். விமான நிலைய ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டியாயிற்று. விமானம் பிடிக்கிறவர் பாலத்தில் நிற்கலாமா? இரண்டு பாலத்தின் தளத்தையும் முழுசாக மாற்றுங்கள் ஐயா!