நாயனம் செய்தவர் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டியதும் எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். நான் நாகஸ்வரம் வாசித்த நாயனக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, தொட்டுப் பார்க்கலாமா?" என்றேன். துண்டால் துடைத்துக் கையில் கொடுத்தார். கருத்த மரம், நல்ல கனம். கயிற்றில், வாயில் வைத்து ஊதும் நாலைந்து சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் தொங்கின. விரல் படும் இடமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"யார் செய்ததுண்ணே?"

"நரசிங்கம்பேட்டை. எங்கப்பா வாங்கினது."

கும்பகோணத்துப் பக்கத்து ஊர். ஆசாரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நாயனம் கடைகின்றன. புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குவார்கள். பல காலம் காய்ந்த மரம்தான் வெடிக்காது, வளையாது. அதைக் கடைந்து, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் துளை இறக்கி, விரலுக்கு 7, சுருதி சேர்க்க 5 என்று துளை போடுவார்கள். நூலளவு விலகினாலும் சுரம் பிசகிவிடும்.

அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திமிரி என்னும் பழைய குட்டை நாயனத்தில் சுத்த மத்தியமம் என்ற 'ம' சுரம் தானாக விழாது, வாசிப்பவர் மூச்சை அடக்கித்தான் பிடிக்க வேண்டும். 1955 இல் நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த, பாரி என்னும் நீளமான நாயனத்தில் அது சரியாக விழுந்தது. பிள்ளை மறு வருஷமே காலமாகிவிட்டார். பாரி நிலைத்துவிட்டது.

2022 இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான், ஆனால் ஆள் தேடிப் போய் வாங்கினால்தான் பட்டறை ஓடும். இங்கே தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்குத் தடை இருந்து, 2016 இல் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தபோது எப்படி மகிழ்ந்தோம்! அதே நாம் கல்யாண மேடைப் பூவுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்துவிட்டு, கெட்டிமேளத்தை ஸ்பீக்கரில் போடுகிறோம். என் மகள் கல்யாணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். இன்றும் உறுத்துகிறது.

நாயனம் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கடையில் கிடைப்பதை வாங்கிக் கொடுக்காதீர்கள். செய்கிறவரிடமே சொல்லிச் செய்யுங்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது நரசிங்கம்பேட்டையில் இறங்கப்போகிறேன். வேண்டியவர்கள் எத்தனை கட்டைச் சுருதி, அதாவது ஆதார சுரம் எந்த உயரத்தில் வேண்டும் என்று கீழே எழுதுங்கள், ஆசாரியிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.