லுக்கேமியா வந்த பூனைய கொல்லணுமா? அந்த வாய்ஸ் நோட்ட நம்பாதீங்க

"பூனை லுக்கேமியா குழந்தைங்களுக்கு ஒட்டிக்கும், ஊசி போட்டு முடிச்சிடுங்க, மனசு வரலைன்னா பூண்டுச்சாறு குடுங்க, ஒரு வாரத்துல வைரஸ் போயிடும்"னு ஒரு வாய்ஸ் நோட் புதுச்சேரியில முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் சுத்துது. மொத்தமும் தப்புங்க.

பூனை லுக்கேமியாங்கிறது ஒரு வைரஸால பூனைக்கு வர்ற நோய். இந்த வைரஸ் மனுஷங்களுக்கு வராது, நாய்க்கும் வராது. 1964-லயே கண்டுபிடிச்சது, பூனைக்குப் பூனைதான் பரவும், எச்சில் வழியா, ஒண்ண ஒண்ணு நக்குறது, ஒரே தட்டுல சாப்பிடுறது, கடிக்கிறது, அப்புறம் தாய்கிட்ட இருந்து குட்டிக்கு.

பூண்டு விஷயம்தான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. பூண்டும் வெங்காயமும் பூனையோட ரத்த சிவப்பணுவ உடைக்கும், இந்த வைரஸால ஏற்கனவே ரத்தசோகை வர்ற பூனைக்கு அதையே மருந்துன்னு ஊத்துனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்.

வைரஸ முழுசா விரட்டுற மருந்து இன்னும் இல்ல, அது உண்மை. ஆனா வீட்டுக்குள்ளயே வெச்சு, கருத்தடை பண்ணி, பச்சை மீன் பச்சை கறி போடாம வேகவெச்சு குடுத்து, ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக்கப், சளி புண்ணுன்னா உடனே வைத்தியம்னு பார்த்துக்கிட்டா சில பூனைங்க வருஷக்கணக்கா நல்லா இருக்கும். மத்த பூனைங்கள தனியா வைங்க.

ஒரு டெஸ்ட்ல பாசிட்டிவ்னா உடனே முடிவு எடுக்காதீங்க, சில வாரம் கழிச்சு திரும்ப எடுக்கணும், சில பூனைங்க உடம்பே வைரஸ அடக்கிடும். குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, கேக்க வேண்டியத டாக்டர்கிட்ட கேளுங்க.